ஆச்சியும் அமர்ந்த பந்தி

எங்கள் வீட்டில் இறால் வாங்கும் நாளில் ஒருவர் மட்டும் பந்தியில் அமர்வதில்லை. அவர் எங்கள் அன்னையார். பிள்ளைகள் ஆச்சி என்றழைப்பதால் வீடு முழுவதற்கும் அவர் ஆச்சியே. தூத்துக்குடியில் பிறந்து, மணமாகி மும்பைக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தாதர் மீன் சந்தையில் இறாலைக் 'கோலம்பி' என்று கேட்டு, மராத்தியிலேயே விலை குறைக்க வல்லவர்.

ஒரு கிலோ இறாலுக்கு ஓடு நீக்கி, முதுகில் ஓடும் கருங்குடலை இழுத்தெடுத்து, மஞ்சளிட்டுக் கழுவி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பிறகு தொக்கு, பிறகு பரிமாறல். நாங்கள் உண்டு கை கழுவிய பின்னரே, சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றில் பிரட்டி அவர் உண்பார். "எனக்குச் சட்டிச் சோறுதான் ருசி" என்பார். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இவ்வாறிருக்க, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஈராண்டு பயின்று திரும்பிய எங்கள் மகள், ஒரு ஞாயிறன்று இறாலை ஓட்டோடு வேகவைக்கப் போவதாக அறிவித்தாள். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அம்மாநிலத்தில் அது ஒரு கூட்டு விருந்தாம். வீட்டின் பின்புறம் பெரிய அண்டாவை அடுப்பேற்றி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், வெங்காயம், இறால் யாவற்றையும் ஒரே நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, தாள் விரித்த மேசை மீது அப்படியே கொட்டுவார்கள். தட்டு இல்லை; கரண்டி இல்லை. சுற்றி நின்று கையால் எடுத்து, அவரவர் இறாலை அவரவரே உரித்து உண்பார்கள்.

"ஓட்டை யார் உரிப்பது?" என்று நாங்கள் கேட்டோம்.

"தின்பவர்தாம்" என்றாள் மகள்.

நீரில் இடும் சரக்குகளை அவள் துணியில் முடியத் தொடங்கியதும் ஆச்சி அருகில் வந்தார். கடுகு, கொத்துமல்லி விதை, கிராம்பு, மிளகு, வற்றல் மிளகாய், பிரியாணி இலை. அவற்றோடு ஒரு பிடி சதகுப்பை. "ஏட்டி, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற சதகுப்பையை இறாலுக்கா போடுதே?" என்று ஆச்சி வியந்தார். கடல் கடந்த பண்டம் என்றெண்ணியது நம் அஞ்சறைப்பெட்டிக்கு இவ்வளவு நெருங்கிய உறவு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

செய்முறை எளிது. நான்கு லிட்டர் நீரில் ஐந்து மேசைக்கரண்டி உப்பும், சரக்கு முடிச்சும், நறுக்கிய எலுமிச்சையும், முழுப் பூண்டும் இட்டுக் கொதிக்கவிட வேண்டும். முதலில் அரைக்கிலோ சிறு உருளைக்கிழங்கு. அது முக்கால் பதம் வெந்ததும் துண்டாக்கிய சோளக் கதிர்கள். அவை வெந்த பின், இறுதியில் இறால். ஓட்டின் முதுகைக் கத்தரிக்கோலால் கீறிக் குடலை மட்டும் முன்பே எடுத்துவிடலாம். ஓடு இருந்தால் சதை காய்ந்து போகாது, சுவையும் நீங்காது.

இறாலுக்கு மூன்று நிமிடம் போதும் என்றாள் மகள். "மூணு நிமிஷத்துல எந்த இறால் வேகும்?" என்றார் ஆச்சி. அவர் மனம் நோகாதிருக்க, முதற் பாதியைப் பத்து நிமிடம் விட்டோம். பயன், மெல்ல முடியாத ரப்பர்! மறு பாதியை மகள் சொற்படியே எடுத்தோம். இறாலின் செந்நிறம் அதன் உடலில் புரதத்தோடு பிணைந்து மறைந்து கிடக்கிறது. சூட்டில் அப்பிணைப்பு அவிழ்ந்ததும் சாம்பல் நிறம் மறைந்து சிவப்பு வெளிப்படுகிறது. சிவந்து, இளம்பிறை போல் வளைந்தால் அது பதம். முழு வளையமாகச் சுருண்டால் பதம் கடந்தது என்று கொள்க.

உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதை நம் நாட்டின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன; அச்சு மை உடலுக்கு ஆகாது. எனவே கூடத்துத் தரையில் வாழையிலைகளை நீளவாக்கில் அடுக்கி, அதன் மீது கொட்டினோம். ஆவி பறந்தது. அனைவரும் அமர்ந்தோம். ஆச்சி வழக்கம்போல் நின்றார். பரிமாற ஒன்றுமில்லை, சட்டியும் இல்லை. சற்றுநேரம் திகைத்துவிட்டு, அவரும் அமர்ந்தார்.

பழக்கம் விடுமா? முதல் இறாலை உரித்துப் பேரன் பக்கம் வைத்தார். இரண்டாவதைப் பேத்தி பக்கம் வைத்தார். அப்போது பேரன் ஒன்றும் பேசாமல் ஓர் இறாலை உரித்தான். பழகாத கை, பாதிச் சதை ஓட்டோடு போயிற்று. எஞ்சியதை ஆச்சியின் முன் வைத்தான். அவர் அதைச் சற்றுநேரம் பார்த்திருந்தார். பிறர் உரித்துக் கொடுத்த இறாலை இவ்வீட்டில் அவர் உண்டது அதுவே முதன்முறை. எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருந்தது. "உப்பு கொஞ்சம் குறைச்சல்" என்றார் ஆச்சி. ஆனால் அடுத்ததையும் அவன் உரிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அது முதல் மாதம் ஒரு ஞாயிறு இவ்வாறு உண்கிறோம். மேலைக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. அந்நாட்களில் பண்ணை வனாமி இறால் கைகொடுக்கிறது. பசிபிக் கரையிலிருந்து வந்து, 2009-இல் நம் நாட்டுப் பண்ணைகளில் வளர்க்க இசைவு பெற்று, இங்கேயே ஊன்றிவிட்ட இறால் அது. பிழைக்க வந்த ஊரில் ஊன்றிய நமக்கு அதன் மீது ஒரு பரிவு உண்டாவது இயல்பே.

சைவ அன்பர்கள் இறாலை விடுத்துக் கிழங்கும் சோளமும் கொண்டே இவ்விருந்தை நடத்தலாம். வேண்டியது ஒன்றுதான்: சமைத்தவர் நிற்க, மற்றவர் உண்ணும் பந்தியாக அது இருக்கலாகாது.