துளி சுமக்கும் தூது

போர்ச்சுகல் நாட்டின் வடபகுதிக் கடற்கரையில் போவா டி வர்சிம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வூர்க் குடும்பங்கள் சிலவற்றில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் தொடர்ந்து வந்தது. இளமை கடவாத ஆணும் பெண்ணும் முதலில் பாதங்களில் உணர்விழப்பர். கொதிநீர் பட்டாலும் சுடாது. முள் தைத்தாலும் தெரியாது. அவ்வுணர்வின்மை மெல்ல மேலேறும், உடல் மெலியும், உணவு செரியாது, பத்து, பதினைந்து ஆண்டுகளில் உயிர் பிரியும். ஊரார் அதனைச் 'சிறுபாத நோய்' என்றழைத்தனர். 1939இல் போர்ட்டோ நகர மருத்துவமனையில் இந்நோயுற்ற பெண் ஒருவரைக் கண்ட நரம்பியல் மருத்துவர் கொரினோ டி அந்திராடே அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அது பரம்பரையாக வரும் தனித்ததொரு நோய் என்பதை 1952இல் அவர் உலகுக்கு அறிவித்தார்.

நோயின் வேர் கல்லீரலில் இருந்தது. அங்கு உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம், மரபணுவில் நேர்ந்த ஓரெழுத்துப் பிழையால் உரிய வடிவில் நிலைக்காது. இழைகளாகத் திரண்டு நரம்புகளிலும் இதயத்திலும் படியும். 1990 முதல் கல்லீரல் மாற்று அறுவை மருத்துவம் மேற்கொள்ளப்பட்டது. ஒரு புரதத்தை நிறுத்துவதற்காக ஓர் உறுப்பையே மாற்றுவது, ஒழுகும் ஓர் ஓட்டுக்காக வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றதுதான். ஆயினும் அன்று அதனினும் நல்ல வழி இல்லை.

வேறு வழி 1998இல் புலப்பட்டது. செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் அதனோடு பொருந்தும் மரபணுவின் குரல் அடங்கிவிடுகிறது என்பதை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவர் சிறு புழுவொன்றில் கண்டனர். மரபணு அனுப்பும் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ. இடைவழியிலேயே அழிக்கப்படுவதுதான் இதற்குக் காரணம். 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிறுபாத நோய்க்குரிய புரதத்தின் தூதையும் இவ்வாறே தடுக்கலாம் அன்றோ?

தடுக்கலாம், ஆனால் மருந்து கல்லீரல் செல்லுக்குள் சென்று சேர வேண்டுமே! தமிழின் தூது இலக்கியங்களில் அன்னமும் முகிலும் தென்றலும் தடையின்றிச் செல்கின்றன. ஆர்.என்.ஏ.வுக்கு அத்தகைய நல்வாய்ப்பு இல்லை. இரத்தத்தில் கலந்தவுடன் நொதிகள் அதனைத் துண்டாடிவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லின் வாயிலில் நிற்க வேண்டியதுதான். செல்லைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனது. எதிர்மின்சுமை கொண்ட பெரிய மூலக்கூறாகிய ஆர்.என்.ஏ. அதனை ஊடுருவ இயலாது.

கொழுப்பு என்னும் சொல் தமிழில் செருக்கையும் குறிக்கும். வாயிலை அடைத்து நிற்கும் அக்கொழுப்பைக் கொழுப்பாலேயே வெல்ல முயன்றனர் அறிவியலாளர். 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாமில் ஆய்வு செய்த அலெக் பேங்கம், நீரில் இட்ட பாஸ்போலிப்பிடுகள் தாமாகவே நுண்ணிய பைகளாக மூடிக்கொள்வதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். லிப்போசோம் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அப்பைகள் கொழுக்கட்டை போன்றவை. வெளியே மேல்மாவு, உள்ளே பூரணம். அவற்றுள் ஆர்.என்.ஏ.வை வைத்து அனுப்பும் முயற்சிகள் 1970களிலேயே நிகழ்ந்தன. எதிர்மின்சுமையை ஈர்க்கும் நேர்மின்சுமை கொண்ட கொழுப்பை 1987இல் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் உருவாக்கினர். ஆய்வகக் கிண்ணத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. உடலுக்குள்ளோ, எப்போதும் நேர்மின்சுமையோடிருக்கும் கொழுப்பு இரத்தப் புரதங்களையும் பற்றிக்கொண்டது. செல்களுக்கு நஞ்சாகவும் ஆனது.

கனடாவின் வான்கூவர் நகரில் பீட்டர் கல்லிஸும் அவருடன் பணியாற்றியோரும் பல்லாண்டுகள் உழைத்துக் கண்ட விடை எளிமையானது, அதனாலேயே வியப்புக்குரியது. எப்போதும் மின்சுமை எதற்கு? தேவைப்படும்போது மட்டும் இருந்தால் போதும் என்பதே அவர்கள் கண்டது. அமிலச் சூழலில் நேர்மின்சுமை ஏற்று, நடுநிலைச் சூழலில் அதனைத் துறக்கும் கொழுப்பை அவர்கள் வடிவமைத்தனர். எத்தனாலில் கரைந்த கொழுப்புகளையும் சற்று அமிலத்தன்மையுள்ள நீரில் கரைந்த ஆர்.என்.ஏ.வையும் விரைந்து கலந்தால், இரண்டும் ஒன்றையொன்று பற்றித் துளிகளாகத் திரளும். அமிலத்தை நீக்கியபின் துளியின் மின்சுமை அடங்கிவிடும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு நிகரானது. இது கொழுக்கட்டை அன்று. வெல்லப்பாகும் பொரியும் பிணைந்த பொரியுருண்டை எனலாம். கொலஸ்டிராலும் பாஸ்போலிப்பிடும் துளிக்கு உறுதி தருகின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் இணைந்த நான்காவது கொழுப்பு, துளிகள் தம்முள் ஒட்டிக்கொள்ளாதவாறு காக்கிறது.

இரத்தத்தில் செல்லும் துளியின் மீது அபோலிப்போபுரதம் ஈ என்னும் புரதம் படிகிறது. உணவுக் கொழுப்பைக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கும் அதே புரதம் இது. கல்லீரல் செல்லும் தனக்கு வரவேண்டிய கொழுப்பே வந்ததென எண்ணித் துளியை விழுங்கிவிடுகிறது. எனினும் துளி அங்கே ஒரு பைக்குள் சிறைப்படுகிறது. அப்பைக்குள் அமிலத்தைப் பெருக்கி, வந்த பொருளைச் சிதைப்பது செல்லின் வழக்கம். துளி காத்திருந்தது அந்த அமிலத்திற்குத்தான்! அடங்கியிருந்த மின்சுமை மீண்டும் தோன்றிப் பையின் சவ்வைக் குலைக்க, ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது. இவ்வாறு தப்புவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அச்சிறு பங்கே போதுமானதாக இருந்தது.

சிறுபாத நோய்க்கான பட்டிசிரான் என்னும் மருந்து, நோயாளர் 225 பேரிடம் 18 மாதங்கள் ஆராயப்பட்டது. மருந்து பெற்றோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் நோய் முன்னேறாமல் நின்றதோடு நரம்புச் செயற்பாடும் முன்னிருந்ததைவிட மேம்பட்டது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிரைவழியே ஏற்றப்படும் மருந்து, உறுப்பு மாற்றத்துக்கு ஈடாக வந்து நின்றது.

கொரோனாப் பெருந்தொற்றில் இதே வகைத் துளிகள் தூது ஆர்.என்.ஏ.வைச் சுமந்து கோடிக்கணக்கானோர் தோள்தசையில் இறங்கிய செய்தி யாவரும் அறிந்ததே. ஆர்.என்.ஏ.வைத் திருத்தியமைத்த கட்டலின் கரிகோ, டுரூ வைஸ்மன் இருவரும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர். சுமந்து சென்ற கொழுப்பைச் செய்தோருக்கு அப்பரிசில் பங்கில்லை. தூது மொழிந்தவனுக்கு மாலையிட்டுக் குதிரையை மறப்பது உலக இயல்பு போலும்.

2025இல் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் கைக்குழந்தை ஒன்றுக்குப் புதியதொரு மருத்துவம் செய்யப்பட்டது. கல்லீரல் நொதியொன்றின் குறைபாட்டால் அக்குழந்தையின் இரத்தத்தில் அம்மோனியா பெருகி மூளையைத் தாக்கும் நிலை இருந்தது. மருத்துவர் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு ஆகியோரின் குழுவினர், பிழையான அந்த ஓரெழுத்தை மட்டும் திருத்தும் மருந்தை ஆறே மாதங்களில் உருவாக்கினர். கொழுப்புத்துளிகளில் ஏற்றி மூன்று தவணைகளாகச் செலுத்தினர். உலகில் அம்மருந்து அக்குழந்தை ஒன்றுக்காகவே செய்யப்பட்டது. புரதம் மிகுந்த உணவைக் குழந்தை முன்னைவிடத் தாங்கிக்கொண்டது. பிற மருந்துகளின் அளவையும் குறைக்க முடிந்தது.

குறைபாடு கல்லீரலில் இருந்தது அக்குழந்தைக்கு வாய்த்த நல்வினை. சிரைவழிச் செல்லும் துளிகளுள் பெரும்பகுதி இன்றும் கல்லீரலையே நாடுகிறது. நான்கு கொழுப்புகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துத் துளியை நுரையீரலுக்கோ மண்ணீரலுக்கோ திருப்பலாம் என்பதை டல்லாஸ் நகர ஆய்வாளர்கள் 2020இல் எலிகளில் காட்டினர். மூளைக்குச் செல்லும் வழியைப் பல ஆய்வகங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.