சுட்ட பழமும் சுடாத பழமும்

நாவல் பழம் என்றதும் எல்லோருக்கும் ஔவையாரும் மரக்கிளையில் உட்கார்ந்திருந்த முருகனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கு என் அப்பத்தா வருவாள். ஆனி, ஆடி இரண்டு மாசமும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பனையோலைப் பெட்டியோடு உட்கார்ந்து, பழத்தைக் கூறு கட்டி, உப்புத் தூவி விற்பாள். கண்மாய்க் கரையில் தானாக முளைத்த மரங்கள். யாரும் நட்டதில்லை, உரம் வைத்ததில்லை. விடியற்காலையில் பொறுக்கினால் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும். மறுநாள் கள் வாடை வந்துவிடும். மிச்சம் ஆட்டுக்கு.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு என்ன செய்வது என்று நாங்கள் நாலு பேர் விழித்துக்கொண்டிருந்தபோது, லேப் சார் பஞ்சு மிட்டாய் விஷயத்தை ஞாபகப்படுத்தினார். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது உங்களுக்கும் தெரியும். அதில் இருந்தது ரோடமின்-பி என்ற துணிச்சாயம். "சாப்பிடுற பொருளுக்குப் பழத்துலேருந்தே கலர் எடுக்க முடியாதாடா?" என்றார் சார். எனக்கு உடனே அப்பத்தாவின் பெட்டிதான் கண்ணில் பட்டது.

முதலில் நம்ம லேபிலேயே இருக்கும் டிரே டிரையரில், 60 டிகிரியில் பழக்கூழைக் காயவைத்தோம். வந்தது பொடி இல்லை நண்பர்களே, பழம்புளி! பழுப்பாக, தட்டோடு ஒட்டிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் நெம்பித்தான் எடுத்தோம். நாவலின் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். சூடும் காற்றும் சேர்ந்தால் அது அழிந்துபோகும். பழத்தின் சர்க்கரையோ சூட்டில் இளகிப் பிசினாகிவிடும். இது சுட்ட பழம்.

சுடாத பழத்துக்கு வழி உறைநிலை உலர்த்தல். ஃப்ரீஸ் டிரையர் நம்மிடம் கிடையாது. சார் சொல்லி வைத்து, வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அனுமதி கிடைத்தது. கொட்டை நீக்கிய கூழை மைனஸ் 40 டிகிரியில் கல்லாக உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அழுத்தம் 6.1 மில்லிபாருக்குக் கீழே போய்விட்டால் பனிக்கட்டி உருகித் தண்ணீர் ஆகாது. கற்பூரம் கரைகிற மாதிரி நேராக ஆவியாகிவிடும். தண்ணீரே இல்லாததால் கூழ் சுருங்க வழியில்லை, சூடு குறைவு என்பதால் நிறமும் போகாது. ஆண்டிஸ் மலை மக்கள் மெஷின் இல்லாத காலத்திலேயே உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறைய விட்டு, பகல் வெயிலில் காயவைத்தார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திறந்தால், பொரி மாதிரி லேசாக, கருநீலமாக நின்றது. நாக்கில் வைத்ததும் கரைந்து, அதே துவர்ப்பு! 5 கிலோ பழத்துக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் பொடி. அதிலும் ஒரு பங்கைச் சாதாரண பாலித்தீன் கவரில் கட்டி ஹாஸ்டலில் வைத்தோம். ஒரே மழை, காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்துக் களிமண் கட்டி ஆகிவிட்டது. மீதியை அலுமினியம் ஃபாயில் பைக்கு மாற்றினோம்.

கண்காட்சிக்கு முந்தின வாரம்தான் உண்மையான சோதனை. ரோஸ்மில்க் மாதிரி நாவல்மில்க் கொடுப்பதாகத் திட்டம். பாலில் கலந்தால் சாம்பல் கரைத்த நிறம்! "செயற்கை நிறம் சேர்க்கப்படவில்லை" என்று போர்டு வேறு எழுதி முடித்தாயிற்று. "மாப்ள, ஒரு சிட்டிகை கார்மோசின் போட்டா யாருக்குடா தெரியும்? கவர்மென்ட் அனுமதிச்ச கலர்தானே" என்றான் நண்பன். அனுமதித்த கலர்தான், அளவும் உண்டு. ஆனால் எங்கள் போர்டு அதைச் சொல்லவில்லையே. இருந்தும் நான் போட்டேன். ஒளிப்பானேன், கலக்கியது என் கைதான். பளபளவென்று ரோஜா நிறம்.

சனிக்கிழமை ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய் அப்பத்தாவிடம் கொடுத்தேன். பழம் கொடுத்ததற்குக் காசு வாங்காதவள். குடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டினாள்.

"ஏய்யா, நாக்கு செவந்துல்ல கெடக்கு? நம்ம பழத்தைத் தின்னா கருநீலமால்ல ஆகும்? இதுல என்னத்தைய்யா போட்ட?"

எக்ஸ்டர்னல் எக்ஸாமினரிடம்கூட நான் அப்படி முழித்ததில்லை. சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அப்ப எம் பழம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவந்து மீதிப் பாலைக் கொட்டினேன். உட்கார்ந்து யோசித்தபோதுதான் புத்தியில் உறைத்தது. ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம், பச்சை என்று மாறும். பாலில் புளிப்பு ஏது? எலுமிச்சைச் சாற்றில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டோம். தானாகவே அழகான சிவப்பு!

கண்காட்சியில் சர்பத்தோடு ஒரு கிண்ணம் சமையல் சோடாவும் வைத்தோம். கார்மோசின் கலந்த ஒரு டம்ளரையும் பெயர் எழுதிப் பக்கத்தில் வைத்தோம். சோடா போட்டால் எங்களுடையது நிறம் மாறும், அது அப்படியே நிற்கும். கூட்டம் அங்கேதான். "இந்தப் பொடி கட்டுப்படியாகுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. மெஷின் விலையும் இரண்டு நாள் கரண்ட்டும் சேர்த்தால் இன்றைக்குக் கட்டாது என்றே பதில் சொன்னோம்.

மிச்சப் பொடியை ஃபாயில் பையோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அப்பத்தாவிடம் கொடுத்திருந்தேன். பொங்கல் லீவில் போனபோது, மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத அந்த மாசத்தில், எதிர்வீட்டு அம்மாச்சியிடம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். கருநீலம்!