பிரிட்ஜுக்கு மேல் கிடந்த கடிதம்

ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பில் குடியியல் கட்டாய பாடம். ஆனால் அரைக் கிரெடிட்தான். பொருளியல் விருப்பப் பாடம். மேல் வகுப்பில் எடுக்கிறவர்கள் எடுப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு மார்ச் மாதம் குடியியல் வகுப்பில், "யாருடைய வீட்டில் சொத்து வரி கட்டுகிறீர்கள்?" என்று ரீச்சர் கேட்டார். சொந்த வீட்டுப் பிள்ளைகள் கையை உயர்த்தினார்கள். ஸ்காபரோவில் வாடகை அப்பார்ட்மென்டில் இருந்த நான் பேசாமல் இருந்தேன்.

"வாடகைக்கு இருக்கிறவர்களும் கட்டுகிறீர்கள்" என்றார் ரீச்சர். கட்டட உரிமையாளர் கட்டும் வரி எங்கள் வாடகைக்குள்தான் இருக்கிறதாம். இன்னொன்றும் சொன்னார். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தின் சொத்து வரி 2.49 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், டிசம்பர் 31 முதல் வாடகையும் குறைய வேண்டும். அது ஒன்ராறியோச் சட்டம். மாநகரசபை வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கடிதம் போடும்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். "பில் இல்லை எண்டு பாத்திட்டு மேல வைச்சனான்" என்றார். பிரிட்ஜுக்கு மேல், பீட்சா விளம்பரங்களுக்கு நடுவில் அது கிடந்தது. நாங்கள் மூன்று மாதமாகப் பழைய வாடகையையே கட்டிக்கொண்டிருந்தோம்.

குறையவேண்டியது மாதம் ஒன்பது டொலர். "ஒன்பது டொலருக்கு வீட்டுக்காரரோட கொழுவுறதே?" என்று அப்பா கேட்டார். அது கஞ்சத்தனமோ சோம்பலோ இல்லை, பயம். எங்களுக்கு அப்போது இன்னும் குடியுரிமை கிடைத்திருக்கவில்லை.

கொழுவ வேண்டாம், கேட்போம் என்றேன். நான் கடிதம் எழுதினேன், மாநகரசபைக் கடிதத்தின் பிரதியை இணைத்தேன், அம்மா கையெழுத்துப் போட்டார். இரண்டு கிழமையில் வாடகையைக் குறைத்தார்கள். கூடக் கட்டிய காசை அடுத்த மாத வாடகையில் கழித்தார்கள். யாரும் எங்களை எழும்பச் சொல்லவில்லை.

வாக்குப் போடக் குடியுரிமை வேண்டும், வயது பதினெட்டாக வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதத்தை வாசிக்க இரண்டும் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஆங்கிலக் கடிதங்களை வாசிக்கிறவர் அநேகமாக நீங்கள்தான். விளம்பரம் என்று எறியமுதல் ஒருக்கால் பிரித்துப் பாருங்கள்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு அன்ரி தன்னுடைய கடிதத்தோடு வந்தார். நான் எழும்பமுதல் அம்மாவே அதை வாங்கி, எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று காட்டினார்.