சத்தமில்லாத பொட்டி

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒன்று அம்மா. இன்னொன்று கம்ப்யூட்டர். தில்லி மயூர் விஹாரில் ஒரே ஒரு படுக்கையறை வீடு. அறையில் நானும் தங்கமணியும் பையனும். ஹாலில் திவான்மேல் அம்மா. திவானுக்கும் கம்ப்யூட்டர் மேசைக்கும் நடுவில் சரியாக நாலு அடி. டேப் வைத்து அளந்தே பார்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழைய பொட்டி 2012-ல் அசெம்பிள் பண்ணியது. பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆன் செய்தால் கிரைண்டரில் உளுந்து ஆட்டுகிற மாதிரி ஓர் உறுமல். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் காதுகள் பழகிப்போய்விட்டன. அம்மா வந்து படுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே அது சத்தமாகக் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

அப்பா கோவில்பட்டியில் டிராயிங் மாஸ்டர். கையில் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. 120 ஃபிலிம், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரம், ரோலுக்குப் பன்னிரண்டு படம். நம்ம ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் போட்ட ‘இந்து’ கருப்பு வெள்ளை ஃபிலிமைத்தான் வாங்குவார். காதுகுத்து, சடங்கு, பொங்கல், பக்கத்து வீட்டுக்குப் புது சைக்கிள் வந்தது என்று எதையும் விட்டதில்லை. ராத்திரி அடுப்படியை அடைத்துக்கொண்டு தானே கழுவுவார். பிரிண்ட் போடத்தான் காசு இருக்காது. அதனால் நெகட்டிவ்கள் மட்டும் ஒரு ரஸ்க் டின்னுக்குள் சேர்ந்துகொண்டே போயின.

2022-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். 2023 மே மாசம் ஊர் வீட்டைக் காலி செய்து அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். டின்னும் கூடவே ரயிலேறியது. இங்கே வந்து மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு புளிச்ச வாடை.

“ஏய்யா, ஊறுகா டப்பாவையா தூக்கிட்டு வந்துட்ட?” என்றாள் அம்மா.

ஊறுகாய் இல்லை, வினிகர். அந்தக் கால ஃபிலிமின் அடித்தாள் அசிடேட். சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்காகக் கிடந்தால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தைக் கக்க ஆரம்பிக்கும். கக்கிய அமிலமே மிச்சத்தையும் சீக்கிரமாக அரிக்கும். ஃபிலிம் சுருங்கும், மேலே இருக்கிற படம் வறண்ட கண்மாய் மாதிரி சுருக்கம் விழுந்து எழும்பிக்கொள்ளும். அதன்பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. எண்ணிப் பார்த்தேன், 31 ரோல். சுமார் 370 படம். அதில் இருக்கிற முகங்களுக்குப் பேர் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மா, வயசு 76. இரண்டு பக்கமும் கடிகாரம் ஓடுகிறது.

ஸ்கேன் பண்ணுவது பெரிய வேலை இல்லை. அதற்கப்புறம்தான் இருக்கிறது. கலர் நெகட்டிவ் என்றால் ஸ்கேனரே அகச்சிவப்புக் கதிரை விட்டு எது தூசி, எது படம் என்று கண்டுபிடித்துத் துடைத்துவிடும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித்துகள். அது அகச்சிவப்பையும் மறைக்கும். மெஷினுக்குப் படம், தூசி எல்லாம் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும், ஒவ்வொரு கீறலையும் கையால் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். 3200 டிபிஐ-யில் ஒரு சதுரம் ஏறக்குறைய 7000க்கு 7000 புள்ளி. கோப்பு 100 எம்பி. நாலு லேயர் போட்டால் பழைய பொட்டி நாக்கைத் தள்ளிக்கொண்டு கிரைண்டரின் அடுத்த கியருக்குப் போய்விடும்.

பகலெல்லாம் ஆபீஸில் ஆணி புடுங்கவே நேரம் சரியாக இருக்கிறது. இந்த வேலைக்கு ராத்திரி பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் கிடைக்கும்.

அந்த டிசம்பர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தது. தில்லிக் குளிர்காலத்தில் ராத்திரி ஒரு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நம்ம ஊர் ஆட்களுக்குச் சொன்னால் புரியாது. ஃபேன் கிடையாது, ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. எப்போதாவது சௌக்கிதார் லத்தியைத் தட்டிக்கொண்டு போவார். அவ்வளவுதான். அந்த அமைதியில் என் பொட்டி மட்டும் உளுந்தாட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா சால்வையை இழுத்துக் காதோடு சேர்த்து மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் டேப்பை எடுத்தேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்று கணக்கு. எட்டு அடி தள்ளி வைக்கலாம் என்று பார்த்தால் எட்டாவது அடியில் பக்கத்து வீடு இருக்கிறது :-)

மேக் மினி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். நியாயம்தான், சத்தமே இருக்காது. ஆனால் மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது. தவிர, உண்மையைச் சொன்னால், கை அரிப்பு. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நேரு பிளேஸ். முதல் கடைக்காரர் லிஸ்டைப் பார்த்துவிட்டு, “கேமிங் கே லியே?” என்றார். இல்லை, போட்டோவுக்கு என்றேன். “லைட் வாலா ஃபேன்?” வேண்டாம் என்றேன். “கிராபிக்ஸ் கார்ட்?” அதுவும் வேண்டாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், அவர் வியாபாரமே அதில்தான். நான் செய்வது கையால் தூசி எடுக்கிற வேலை. அதற்கு மெமரிதான் முக்கியம். நீங்கள் ராத்திரியில் எடுத்த கலர் படங்களின் புள்ளிகளை ஏஐ வைத்து நீக்குகிறவர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், கார்டு வாங்குங்கள்.

வாங்கியது: 17 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு (சின்னதாக இருப்பதாலேயே பெரிய போர்டைவிட விலை ஜாஸ்தி, இது என்ன நியாயமோ), ரைசன் 5 7600, 32 ஜிபி மெமரி, ஒரு டிபி எஸ்எஸ்டி. சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் பொட்டிக்குள் கிடையாது. நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றுகிற தட்டு நொடிக்கு 120 தடவை மேசையையும் சேர்த்து ஆட்டும், அந்த ரீங்காரத்துக்கு மருந்தில்லை. பேக்கப் டிஸ்க் பீரோவில் தூங்கும், ஞாயிறு மட்டும் எழும்பும். பெட்டி, கூலர் மாஸ்டர் என்ஆர்200. கொள்ளளவு பதினெட்டு லிட்டர் சொச்சம். தண்ணிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும் இல்லையா, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனையே நிறுத்திவிடுகிற ஒரு சின்ன கோர்செயர் பவர் சப்ளை. பிராசசருக்கு மேலே நாக்டுவா கூலர். அதன் ஃபேன் கலரைப் பார்த்துவிட்டுத் தங்கமணி, “காப்பி கொட்டிட்டீங்களா?” என்றாள். மானிட்டர் நீங்கலாக எண்பதாயிரத்தைத் தாண்டியது. தங்கமணியிடம் சொன்ன தொகை வேறு.

மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. ஆஹா என்று பார்த்தால் படமும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கருப்புத் திரை. வயிற்றைக் கலக்கிவிட்டது. வயரைப் பிடுங்கப் போன சமயத்தில் திரை விழித்துக்கொண்டது. டிடிஆர்5 மெமரி முதல் தடவை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள சில நிமிஷம் எடுத்துக்கொள்ளுமாம். இதை முதலிலேயே ஒரு பேப்பரில் எழுதி டப்பாவில் போட்டால் என்ன?

அடுத்த தலைவலி ஃபேன். ஒரு மவுஸ் கிளிக்குக்கே பிராசசரின் சூடு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி எகிறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு ஊய்ய்... ஊய்ய் என்று ஏறி இறங்கும். ஒரே சீராக இருக்கிற சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது. பயாஸில் போய் 65 டிகிரி வரை ஃபேன் ஒரே மெதுவான வேகம், அதற்குமேல் போனாலும் சில நொடி பொறுத்துத்தான் ஏற வேண்டும் என்று வைத்தேன். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். பத்து இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். இவ்வளவு லாபமான பேரம் நேரு பிளேஸில்கூடக் கிடைக்காது.

பொட்டி அடங்கியதும் யூபிஎஸ்ஸின் ஹம்மிங் கேட்க ஆரம்பித்தது. அதைச் செருப்பு ஸ்டாண்டுக்குக் கடத்தினேன். கரண்ட் போனால் அடிக்கிற பீப்பையும் அணைத்துவிட்டேன்.

வெளிநாட்டு ஆசாமிகள் எழுதுகிற குறிப்பையெல்லாம் நம்பி இங்கே பொட்டி கட்டக்கூடாது என்பது ஜூனில் புரிந்தது. அவர்கள் அறை வருஷம் பூரா 22 டிகிரி. தில்லியில் 2024 ஜூனில் ஒரு ராத்திரி குறைந்தபட்ச வெப்பமே 35 டிகிரிக்கு மேல். அறை பதினைந்து டிகிரி ஏறினால் பிராசசரும் அப்படியே பதினைந்து ஏறும். ஆனால் அதே ஜூனில் ஜன்னலில் ஏர்கூலர் விமானம் மாதிரி இரைகிறது; பொட்டி கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆக, சூடு கோடையில், சத்தம் குளிரில். இரண்டும் சேர்ந்து வருவதில்லை. பயாஸில் இரண்டு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன். ஹோலி வந்தால் கோடைக்கு, தீபாவளி வந்தால் குளிருக்கு. ஃபில்டரை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவியாக வேண்டும், மே மாசப் புழுதிக்காற்றில் வாரா வாரம்.

நிற்க. புதுப் பொட்டியில் முதல் ராத்திரி ஒரு மணி வரை வேலை பார்த்தேன். காலையில் அம்மா காப்பி கொடுத்துக்கொண்டே, “நேத்து சீக்கிரமே படுத்துட்டியேய்யா?” என்றாள்.

“இல்லம்மா. ஒரு மணி வரைக்கும் இங்கனதான் இருந்தேன்.”

“அப்படியா. சத்தத்தையே காணும். சத்தம் கேட்டா நீ முழிச்சிருக்கேன்னு தெரியும். ஒங்கப்பாவும் ரேடியோவக் கரகரன்னு வச்சுக்கிட்டுத்தான் படம் கழுவுவாக. அதக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிருச்சு.”

“அப்ப சால்வையை இழுத்துக் காதை மூடிக்கிட்டியே?”

“காது குளிருச்சு, மூடுனேன்.”

அடுப்படியில் தங்கமணி சிரித்த சிரிப்பு செருப்பு ஸ்டாண்டு வரை கேட்டது. எண்பதாயிரம்!

பொட்டியை விற்கவில்லை. காரணம், அடுத்த வாரம் நடந்தது. விளக்கணைத்த ஹாலில் திரையில் ஒரு காதுகுத்துப் படம். திவானிலிருந்து, எனக்கென்று சொல்லாத மாதிரி ஒரு குரல்: “அந்தத் தூணுகிட்ட நிக்கிறது சுப்பம்மா அத்தை.” அம்மாவின் குரல் எப்போதுமே மெலிசு. பழைய பொட்டி ஓடும்போது நான் இரண்டு தடவை “என்னம்மா?” என்பேன். மூன்றாவது தடவை அவள் “ஒண்ணுமில்ல” என்று விட்டுவிடுவாள். எத்தனை “ஒண்ணுமில்ல”வை அந்த உறுமலில் தொலைத்தேனோ.

இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். நான் தூசி எடுக்கிறேன், அவள் பேர் சொல்கிறாள். பேர்களைத் தமிழிலேயே அந்தந்தக் கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுகிறேன். படம் எங்கே போனாலும் பேரும் கூடப் போகும். போன வாரம் ஒரு படம், பாதி சுருக்கம் விழுந்து முகமே இல்லை. ஓரமாக ஒதுக்கப் போனேன். “இரு இரு” என்றாள். திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்து, “சேலைக் கரையப் பாரு. அது எங்க மதினி. நான் இரவல் குடுத்த சேல. திருப்பியே தரல” என்றாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

224 முடிந்திருக்கிறது. 19 போய்விட்டது. மிச்சம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பி.கு: உங்கள் வீட்டிலும் பழைய நெகட்டிவ் டப்பா இருந்தால் திறந்து மோந்து பாருங்கள். புளிச்ச வாடை அடிக்கிற சுருளை மட்டும் பிரித்துத் தனியாக வையுங்கள், முதலில் அதை ஸ்கேன் பண்ணுங்கள். காற்றுப் போகாத டப்பாவில் போட்டு இறுக்கி மூடாதீர்கள். அமில ஆவி உள்ளேயே சுற்றும். பேப்பர் உறை நல்லது. பொட்டி அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.