விளக்கு வைக்கிற நேரம்

போடியில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேற்கே மலை மறித்து நிற்பதால், வானம் வெளுத்துக் கிடக்கும்போதே தெருவில் வெயில் போய்விடும். "விளக்கு வைக்கிற நேரமாச்சு, கால் கழுவிட்டு வாங்கடா" என்று அப்பத்தா கூப்பிடும். உங்களையும் சேர்த்துத்தான். விளையாட வந்த பிள்ளையை வாசலிலேயே நிற்கவைக்கிற வழக்கம் அப்பத்தாவிடம் கிடையாது.

பகலெல்லாம் மடியில் சுளகு. வெடித்த காய், சொத்தைக் காய், காம்பு என்று பொறுக்கித் தள்ளிய கையாலேயே நம் நெற்றியில் விபூதி பூசும். அதனால் எங்கள் வீட்டு விபூதி ஏலக்காய் வாசம் அடிக்கும். எல்லா வீட்டு விபூதியும் அப்படித்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

பாட்டு, மந்திரம் எதுவும் கிடையாது. "முருகா, மலைக்குப் போனவுக பத்திரமா எறங்கணும்." அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் யாருக்கும் சோறு இல்லை. விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை நெருக்கி அடைத்துக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏறும். சாயங்காலம் போடிமெட்டு வளைவுகளில் பனி இறங்கும் நேரத்தில் திரும்பும். நாம் கைகூப்பி நிற்கையில் அப்பா எந்த வளைவில் இருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்புறம் தெருமுனையில் ஆரன் கேட்கிறது. அப்பா வருகிறார். சட்டையெல்லாம் காய் உலர்த்தும் ஸ்டோர்ப் புகை. யாரிடமும் பேசாமல் முதலில் விபூதி எடுத்துக்கொள்கிறார். பிறகுதான் தண்ணீர்ச் செம்பு.

ஆவணியில் முதல் எடுப்புக் காய் ஒரு கைப்பிடி முருகன் படத்தடியில் வந்துவிடும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து, வீரபாண்டி கௌமாரியம்மனுக்கென்று தூணில் கட்டிவிடும் அப்பத்தா. சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றில் முங்கி எழுந்து, அந்த முடிச்சை நாமே அவிழ்த்து உண்டியலில் போடவேண்டும். அக்னிச்சட்டி ஏந்தி வருகிறவர்கள் பக்கத்தில் போகும்போது முகத்தில் வந்து அடிக்கும் அந்த அனலும் வேப்பிலை வாசமும் மறக்குமா? ராத்திரி வீடு வருவதற்குள் தோளிலேயே தூங்கிவிடுவோம். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில் தனி. அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

பழைய மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றுபோய், 2023 ஜூனில் அகலப் பாதையில் மறுபடி போடிக்கு வந்தது. சென்னையிலிருந்து நேராக ஏறிவிடலாம். காலையில் இறங்கினால் அதே மலை, அதே ஜீப்புகள். மலைக்குப் போனவர்கள் அடிவாரத்து முந்தல் வந்ததுமே "எறங்கிட்டேன்" என்று செல்போனில் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான், காத்திருக்கிறவர்களுக்கு வயிற்றில் கலக்கம் இல்லை. தூணில் மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது. அப்பத்தாவின் சுளகு பரணில்.

சென்னையில் எங்கள் வீட்டிலும் விளக்கு உண்டு. வெள்ளி, செவ்வாயில், ஆள் இருந்தால். மகளுக்கு அந்த நேரம்தான் டியூஷன். போன மாசியில் ஊருக்கு அழைத்துப்போனபோது அவளாகவே கைகூப்பி நின்றாள். சாமியிடம் என்ன கேட்டாய் என்றேன். "மார்க்" என்றாள். கேட்கட்டும், அவள் படிக்கிற பிள்ளை. அந்த வயதில், அந்த விளக்கு முன்னால், நமக்கென்று எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா?