டம்ளர் நகர்ந்தது

வெந்நீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்தால் சில நேரம் தானாக நகரும். சின்ன வயதில் அதைப் பார்த்து அலறியிருக்கிறேன். "உள்ள காத்து மாட்டிக்கிச்சுடா, அவ்வளவுதான்" என்றாள் பாட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல். அதே பதிலை மறுபடி சந்தித்தது மலைகளைப் பற்றிப் படிக்கும்போது.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில், சிகரங்களுக்குச் சற்றுக் கீழே, ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு ஓடுகிறது. மேலே 25 கோடி ஆண்டைத் தாண்டிய பாறை; கீழே 5 கோடி ஆண்டுக்கு உட்பட்ட பாறை. பேரன் தோளில் தாத்தா. நடுவே சுமார் ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்புக்கல், பிசைந்த மாவு மாதிரி. மேல்தட்டு வடக்கு நோக்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நகர்ந்து வந்து ஏறிக்கொண்டது. புவியியலாளர் ஆர்னால்ட் எஷர் இதை முதலில் ஊகித்தார். பிறகு அவரே மிரண்டுபோய், எதிரெதிரே இரண்டு மடிப்புகள் என்று மாற்றிச் சொன்னார். அவர் மாணவர் ஆல்பர்ட் ஹைமும் அதையே பிடித்துக்கொண்டார். 1884இல் மார்செல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர், அந்த மலையை மிதிக்காமலே, ஹைம் எழுதியதை வைத்தே ஒற்றைத் தட்டுதான் என்றார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பொறாமை.

அவ்வளவு பெரிய தட்டைப் பின்னாலிருந்து தள்ளினால் நகருமுன் நொறுங்கிவிடாதா? 1959இல் புவியியலாளர்கள் ஹப்பர்ட்டும் ரூபியும் விடை சொன்னார்கள்: படிவுகளின் துளைகளில் சிக்கிய நீர் அழுத்தம் ஏறி, மேல்சுமையைத் தாங்கிக்கொள்கிறது, உராய்வு குறைகிறது. குளிரவைத்த காலி பீர் கேனை நனைந்த கண்ணாடியில் கவிழ்த்து, லேசான சரிவிலேயே வழுக்க வைத்தும் காட்டினார்கள். பாட்டிக்கு டம்ளரே போதுமானதாக இருந்தது.

தட்டு வழுக்கிப் போகும் பிளவின் பாதையும் நேரானதல்ல. மெத்தென்ற களிப்பாறையில் படுத்துப் போகும். கெட்டியான அடுக்கு குறுக்கிட்டால் சாய்வாக வெட்டி ஏறும். அடுத்த மெத்தென்ற அடுக்கில் மறுபடி படுத்துவிடும். மெத்தையைப் படிமேல் இழுத்துப் பாருங்கள், படி இருக்கும் இடத்தில் முதுகு தூக்கும். அந்த முதுகுதான் மடிப்பு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், பைன் மவுண்டன் பகுதியை வைத்து புவியியலாளர் ஜான் ரிச் 1934இல் இதை விளக்கினார். மேலே தெரியும் மடிப்பைக் கொண்டே கீழே படி எங்கே என்று தேடலாம்.

எங்கள் வீட்டு டம்ளர் மேடை விளிம்பு வரை போனதே இல்லை. பாதி வழியில் ஓரமாகக் காற்று கசியும், 'டக்'கென்று நின்றுவிடும்.