சிவன் ஊரில் ராம் தரிசனம்!

திருவண்ணாமலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம், ரமணாசிரமம்... கூடவே, 'நினைச்சாலே முக்தி'ங்கற பேரு. நினைவுக்கே இவ்வளவு மரியாதை இருக்கிற ஊர்ல, நம்ம வீட்டு கம்ப்யூட்டரோட நினைவகத்தைப் பத்தி, அதாங்க ராம் பத்திப் பேசாம வேற எங்கே பேசுறது? பையில ஒரு தண்ணி பாட்டிலைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. உங்க பழைய கம்ப்யூட்டர் எத்தனை ஜிபி வரைக்கும் தாங்கும்னு கோயிலைப் பார்த்துக்கிட்டே தெரிஞ்சுக்கலாம்.

'அது எதுக்கு?'ன்னு கேட்கிறீங்களா? ப்ரவுசர்ல நாலு டேப் திறந்தாலே மவுஸ் நகராம நிக்குது. கடைக்குத் தூக்கிட்டுப் போனா ரெண்டே பதில்தான். ஒண்ணு, 'ராம் ஏத்திடலாம் தம்பி'. இன்னொண்ணு, 'இது தேறாதும்மா, புதுசு வாங்கிடுங்க'. முதல் பதில் தப்பா இருந்தா ராம் வாங்கின காசு அவுட். ரெண்டாவது தப்பா இருந்தா, நல்லா இருந்த ஒரு கம்ப்யூட்டரே அவுட்! அதுவும் 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப் தேவை எகிறி, ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. தப்பான ராம் வாங்கினா வலி முன்னைவிட அதிகம்.

அடிமுடி தேடின கதை

இந்த ஊரோட கதையே ஒரு லிமிட்டைத் தேடின கதைதான். நெருப்புத் தூணா நின்ன சிவனோட அடியைத் தேடி விஷ்ணு பன்றியா பூமியைத் தோண்டிப் போறார். முடியைத் தேடி பிரம்மா அன்னமா பறக்கிறார். விஷ்ணு 'என்னால முடியலை'ன்னு ஒத்துக்கிட்டார். பிரம்மாவோ, மேலே இருந்து விழுந்துக்கிட்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு, 'முடியைப் பார்த்துட்டேன்'னு சொல்லி மாட்டிக்கிட்டார். 'எங்க பக்கத்து வீட்டு பி.சி.யில 16 ஜிபி ஓடுதே, இதுலயும் ஓடும்'னு யாராவது சொன்னா, அந்தத் தாழம்பூவை நினைச்சுக்கோங்க!

முதல் வாசல்: ஸ்லாட்

தேரடி வீதியில நின்னு அண்ணாந்து பாருங்க. கிழக்கு ராஜகோபுரம். 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்துல ஆரம்பிச்சு, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்துல முடிஞ்சது. கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி முதல்ல கண்ணுல படுறது மதர்போர்டு ஸ்லாட். பவரை ஆஃப் பண்ணி, ஒயரைப் பிடுங்கிட்டு கேபினெட்டைத் திறந்தா, எத்தனை ஸ்லாட்டுன்னு எண்ணிடலாம். ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது, ரகமும் முக்கியம். டெஸ்க்டாப் டிடிஆர்2, டிடிஆர்3 ரெண்டுக்கும் 240 பின்தான். ஆனா நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறும், ஒண்ணு இன்னொண்ணுல உட்காராது. டிடிஆர்4, டிடிஆர்5 கதையும் இதேதான், ரெண்டும் 288 பின், வெட்டு வேற. அழுத்தி உட்கார வைக்கிறேன்னு இறங்கினா ஸ்லாட்டே போயிடும். லேப்டாப் ராம் சைஸ்ல சின்னது. சில ஸ்லிம் லேப்டாப்ல ராமைப் போர்டோடவே பத்த வெச்சிருப்பாங்க. கூடுதல் ஸ்லாட் இல்லைன்னா அதோட சரி.

ரெண்டாவது வாசல்: கன்ட்ரோலர்

ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைத் தீர்த்தம் எல்லாம் தாண்டினா வல்லாள மகாராஜா கோபுரம். போசள மன்னர் மூன்றாம் வல்லாளன் பேரைச் சொல்லுது இது. நம்ம ரெண்டாவது வாசல் மெமரி கன்ட்ரோலர். பழைய இன்டெல் போர்டுகள்ல இது சிப்செட்டுக்குள்ள இருந்துச்சு. 2008-ல கோர் ஐ7 வந்ததுல இருந்து ப்ராசஸருக்குள்ளயே குடிவந்துடுச்சு. ஏஎம்டி இதை 2003-லயே செஞ்சாச்சு. நம்ம ஊர் அசெம்பிள்டு பி.சி.க்கள்ல சகஜமா இருந்த போர்டுகளையே எடுத்துக்கோங்க. ஜி31 சிப்செட்னா உச்சம் 4 ஜிபி. ஜி41-னா 8. எச்61-னா 16. மொத்தத்தோட, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவுன்னும் பார்க்கணும். ரெண்டு ஸ்லாட் இருக்கிற ஜி41-ல நாலு நாலா போட்டாத்தான் 8. ஒரே 8 ஜிபி ஸ்டிக்கைக் கொண்டுபோய்ச் சொருகினா வேலைக்கு ஆகாது.

மூணாவது வாசல்: பயாஸ்

அடுத்தது கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளியா மாறி இங்கேதான் உட்கார்ந்தார்னு ஐதிகம். நம்ம கிளி, பயாஸ். கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் 'உள்ளே எவ்வளவு ராம் இருக்கு'ன்னு முதல்ல சொல்றது இதுதான். பழைய பயாஸுக்குப் புது ரக ஸ்டிக் புரியாமப் போகலாம். போர்டு கம்பெனி அப்டேட் கொடுத்திருந்தா சரியாகவும் வாய்ப்பு இருக்கு. ஆனா அப்டேட் ஓடும்போது கரன்ட் போச்சுன்னா போர்டே படுத்துடும், உஷார்!

கடைசி வாசல்: ஓ.எஸ்.

பௌர்ணமி அன்னிக்குப் போனீங்கன்னா இது நல்லாப் புரியும். ராஜகோபுர வாசல் எவ்வளவு பெருசா இருந்தா என்ன, சந்நிதி கிட்டே போகப் போகக் கூட்டம் ஒத்தை வரிசை ஆகிடும். எல்லாரோட வேகத்தையும் முடிவு பண்றது அந்தக் குறுகலான இடம்தான். ராமும் அப்படித்தான். நாலு வாசல்ல எது சின்னதோ, அதுதான் உங்க லிமிட்.

இதுக்கு நம்ம வீடுகள்லயே உதாரணம் இருக்கு. 2011 செப்டம்பர் 15-ல தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. எல்காட் மூலமா வந்த முதல் வருஷ லேப்டாப்கள்ல 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். அக்கா, அண்ணன் படிச்ச அந்த லேப்டாப் இன்னமும் பல வீட்டு பீரோ மேலே தூங்குது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல தொடவே தொடாது. போர்டு தாங்கும்னு 4 ஜிபி போட்டாலும், பயன்படுறது 2 தான். இந்த இடத்துலதான் 'லேப்டாப் தேறாது'ன்னு தீர்ப்பு எழுதிடறாங்க. பூட்டு லேப்டாப்ல இல்லீங்க, ஓ.எஸ்.ல! ப்ராசஸர் 64 பிட்டா இருந்தா, 64 பிட் லினக்ஸ் போட்டுப் பாருங்க, பூட்டு திறந்துடும்.

அதென்ன 64 பிட்? 32 பிட்ல எழுத முடிஞ்ச முகவரிகள் மொத்தம் 2-ன் அடுக்கு 32. அதாவது 4 ஜிபி. அதுலயும் கிராபிக்ஸ் கார்டு மாதிரி ஆளுங்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கிடறதால, 32 பிட் விண்டோஸ்ல கைக்குக் கிடைக்கிறது 3, 3.5 ஜிபிதான். 64 பிட்ல இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16, விண்டோஸ் 10, 11 ஹோம் 128 ஜிபின்னு எடிஷனுக்கு ஏத்த மாதிரி உச்சவரம்பு மாறும்.

சாட்சியைச் சரிபாருங்க

கருவறைக்குப் பின்பக்கச் சுவர்ல லிங்கோத்பவரைக் கும்பிட்டுட்டு, நம்ம சாட்சிகளையும் விசாரிச்சிடலாம். விண்டோஸ் 8-க்கு அப்புறம் வந்ததுன்னா, டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. எத்தனை ஸ்லாட்ல எத்தனை நிறைஞ்சிருக்குன்னு காட்டும். சிபியு-இசட்ங்கற இலவச சாஃப்ட்வேர் போர்டு மாடல், ராம் ரகம் எல்லாம் சொல்லும். லினக்ஸ்ல டிஎம்ஐடீகோட். இது 'அதிகபட்சம்'னு ஒரு நம்பரே கொடுக்கும். ஆனா அது தயாரிப்பாளர் பயாஸ்ல எழுதி வெச்ச நம்பர், சில சமயம் தப்பா இருக்கும். அதனால போர்டு மாடலைக் குறிச்சுக்கிட்டு மேனுவலைத் தேடிப் படிங்க. மேனுவலும் ப்ராசஸர் கம்பெனி கொடுத்த விவரமும் ஒத்துப்போச்சுன்னா, அதை நம்பலாம்.

அப்புறம் ஒரு விஷயம். லிமிட் 16-ன்னா 16 போட்டே ஆகணும்னு இல்லை. 2-ல இருந்து 4, 4-ல இருந்து 8 போனா வித்தியாசம் நல்லாவே தெரியும். அதுக்கு மேல, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போடுறதுதான் பல பேருக்கு லாபம்.

தரிசனம் முடிஞ்சுதா? வெயில் தாழட்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். மலையோட அடிமுடியை பிரம்மா, விஷ்ணுவாலயே பார்க்க முடியலை. ஆனா வீட்டுக்குப் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தீங்கன்னா, உங்க கம்ப்யூட்டரோட அடிமுடி அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். தாழம்பூவே தேவையில்லை!